பின்னால் நடந்த உத்தியோகம்

"சார், டிரெயினர் எப்போ வாயைத் திறக்கலாம்? அதைப் பத்தி மட்டும் புதுசா வந்திருக்கிறவங்களுக்கு ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்று போன வாரம் ஷாஹிதா போனில் கேட்டார். அடையாறில் நான் வேலை பார்த்த மையத்தில், நான் பார்த்த அதே வேலையை இப்போது பார்ப்பவர். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசித்ததில் இருந்த தெளிவும் போய்விட்டது. வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியும் என்ற நினைப்பில்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன். இப்போது மந்தைவெளி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அது தெரியவே தெரியாது போலிருக்கிறது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணின் கல்யாணப் பேச்சில் இதை விளக்க முடியாமல்தான் என் மனைவி "ஏதோ சோஷியல் சர்வீஸ்" என்று சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிச் சமாளித்தாள். கண் தெரியாதவர்களுக்கு வெள்ளைக்கோலை வைத்துக்கொண்டு தெருவில் தனியாக நடக்கக் கற்றுக்கொடுப்பது. அவ்வளவுதான். முதலில் பக்கத்தில் நடப்போம். பிறகு ஓரடி தள்ளி. பிறகு பின்னால். கடைசியில் நன்றாகப் பின்தங்கி, இருப்பதே தெரியாமல். என் உத்தியோகத்தில் பெரும்பகுதி அடுத்தவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்ததில் கழிந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டி, கையில் கோலைக் கொடுத்து, மயிலாப்பூர் குளத்தைச் சுற்றி நடக்க விட்டார்கள். இளநீர் வண்டியில் மோதினேன், திட்டு வாங்கினேன், சாணத்தில் மிதித்தேன். துணியை அவிழ்த்தபோது தெற்கு மாட வீதி என்று நினைத்து வடக்கு மாட வீதியில் நின்றுகொண்டிருந்தேன். பிறந்து வளர்ந்த ஊர் அது. அன்று ஆரம்பித்த குழப்பம் என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் தலைமை ரெஜினா மேடம். பார்வை உள்ளவர்தான். ஆனால் நம்மோடு பேசும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். செருப்புச் சத்தம் வந்தால் அன்றைக்கு வெளியே அனுப்ப மாட்டார். "உங்க சத்தம் கேட்டா அவங்க தெருவைக் கேக்க மாட்டாங்க, உங்களைத்தான் கேட்டுக்கிட்டு நடப்பாங்க" என்பார். அதனால் எல்லோருக்கும் கேன்வாஸ் ஷூ. சென்னை வெயிலில் நாள் முழுக்கக் கேன்வாஸ் ஷூ போட்டவன் கால் என்ன நாற்றம் நாறும் என்று என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும். ஷூவுக்கு வீட்டுக்குள் அனுமதி கிடையாது.

காலடியை எண்ணச் சொல்லித் தருவோம் என்றுதான் வெளியில் பலர் நினைக்கிறார்கள். மேடத்துக்கு அந்தப் பேச்சே ஆகாது. "கூட்டத்துல ஒருத்தர் இடிச்சா எண்ணிக்கை போச்சு. அப்புறம் நடுத்தெருவுல நின்னு அழறதா?" என்பார். வலது காலை வைக்கும்போது கோல் இடது பக்கம் தொட வேண்டும், இடது காலுக்கு வலது பக்கம். அடுத்த அடிக்கு இடம் இருக்கிறதா என்று கோல் சொல்லிவிடும். மற்றதைத் தெரு சொல்லும். காப்பித்தூள் அரைக்கும் வாசனை, மிதித்தால் ஆடும் சாக்கடை மூடி, சந்து பிரியும் இடத்தில் கன்னத்தில் படும் காற்று, இதெல்லாம்தான் வழிகாட்டிப் பலகைகள்.

தினமும் சாயங்காலம் அவர் மேஜை முன்னால் நின்று அன்றைய நடையைச் சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "யார் நடந்தது?"

"பெசன்ட் நகர் சர்ச் வரைக்கும் கூட்டிட்டுப் போனேன் மேடம்" என்று வாய் தவறிச் சொன்னால் போச்சு. "அப்ப நீங்கதான் நடந்திருக்கீங்க. நல்லது, உடம்புக்கு நல்லது. நாளைக்கு அவங்க நடக்கட்டும்." பாராட்டு என்று அவர் வாயிலிருந்து ஒன்றும் வந்ததில்லை. திட்டும் வந்ததில்லை. அந்த ஒரு கேள்விதான். ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு நானே அதைக் கேட்டுக்கொள்வேன்.

விதி இதுதான். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வாயைத் திறக்கலாம். அதுவும் ஒரே சொல், "நில்லுங்க". தப்பான சந்தில் திரும்பினால் திரும்பட்டும். விளக்குக் கம்பத்தில் இடித்தால் இடிக்கட்டும். கல்நெஞ்சக்காரன் மாதிரிப் பின்னால் நிற்க வேண்டும். எனக்குக் கல்நெஞ்சு இல்லை. ஆனாலும் நிற்பேன்.

இனி சண்முகத்தாய் விஷயம்.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். ரங்கநாதன் தெருவின் ஸ்டேஷன் பக்கத்துக் கோடியில், ஒரு பக்கச் சந்தில், பாத்திரக்கடை. கணவரும் கணவரின் அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். அண்ணனை அவர் பெரியத்தான் என்று கூப்பிடுவார், நானும் இங்கே அப்படியே சொல்லிக்கொள்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தவர் சண்முகத்தாய்தான். சீர்வரிசைக்குப் பாத்திரம் எடுக்க வருகிறவர்கள் "அக்கா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்களாம். முப்பத்தைந்து வயதை ஒட்டிக் கண்ணில் நீரழுத்தம் வந்து, ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிப் பார்வை முழுக்கப் போய்விட்டது. அதோடு கல்லாவும் போய்விட்டது.

முதல் நாள் என்னிடம் அவர் சொன்னது இது: "வீட்ல யாரும் ஒரு கொறையும் வைக்கல சார். தண்ணி வேணும்னு நெனைக்கதுக்குள்ள தண்ணி வந்துருது. எனக்கு அதுலதான் மூச்சு முட்டுது. கடைக்கு நானா போவணும், நானா வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

பெரியத்தான் கெட்டவர் இல்லை. பயந்தவர். என்னைக் கடைக்குள் உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "சார், இந்தத் தெருவுல கண்ணு தெரிஞ்சவனே பைய விட்டுட்டு, புள்ளைய விட்டுட்டு நிக்கான். இவ குச்சிய வச்சிக்கிட்டு வாராளாக்கும்! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ அப்பா மூஞ்சில நான் எப்படி முழிக்கது?" பிறகு ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு நாள் அவ தனியா வந்து காட்டட்டும். யாரும் கையப் புடிக்கக் கூடாது. ஒங்க சத்தமும் கேக்கக் கூடாது, உங்க வார்த்தைய நம்புதேன். வந்துட்டாள்னா கல்லா அவளுக்கு. இல்லைன்னா இந்தப் பேச்சே வீட்ல எடுக்கப்பிடாது." சண்முகத்தாய் கேட்டுக்கொண்டு நின்றார். "சரி பெரியத்தான்" என்றார்.

அவர்கள் வீடு தி.நகர் பஸ் டெர்மினஸுக்குப் பின்னால் ஒரு சந்தில். அங்கிருந்து உஸ்மான் சாலையோரமாக வந்து, ரங்கநாதன் தெருவில் திரும்பி, அதன் கோடிவரை போக வேண்டும். மழைக்காலம் முடிந்து ஆரம்பித்தோம், வெயில் ஏறும்வரை நடந்தோம். சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பெரிய ஜவுளிக்கடைக் கதவு திறக்கும்போது காலில் படும் குளிர்காற்றை வைத்து எந்தக் கடை என்று சொல்வார். ரங்கநாதன் தெருவுக்குள் மாம்பலம் ரயில் சத்தம் நேர் முன்னால் வர வேண்டும், தோள் பக்கம் கேட்டால் கோணலாக நிற்கிறோம் என்று அவரே கண்டுபிடித்தார்.

தெருவைவிடத் தொல்லை கொடுத்தது நல்ல மனசுக்காரர்கள்தான். ஒரு நாள் சாலையோரம் அவர் சும்மா நின்றுகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்து, டிராஃபிக்கை நிறுத்தி, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு போய்விட்டார். சண்முகத்தாய்க்கு அந்தப் பக்கம் வேலையே இல்லை. திரும்பி வர எவ்வளவு பாடுபட்டார் என்று பின்னால் நின்ற எனக்குத் தெரியும். அதன் பிறகு அவருக்கு ஒரு வாசகம் பழக்கினேன். "நீங்க புடிக்காதீங்க, வேணும்னா நான் புடிச்சிக்கிடுதேன்." யாராவது உதவினால், அவர் கைமுட்டிக்கு மேலே இவர் பிடித்து, அரையடி பின்னால் நடக்க வேண்டும். உதவுகிறவர் தன் புறங்கையால் இவர் புறங்கையை லேசாகத் தொட்டால் போதும். இவர் கை அதைப் பிடித்து மேலே ஏறிவிடும். முறை அதுதான். ஆனால் ஊரில் யாருக்குத் தெரியும்? எல்லோரும் இழுக்கிறார்கள்.

சோதனை நாள் வந்தது. முகூர்த்தம் நெருங்கிய சனிக்கிழமை, கேட்க வேண்டுமா. வேறு நாள் வைக்கலாம் என்றேன். "கூட்டத்துல வந்தாத்தான் பெரியத்தான் ஒத்துக்கிடுவாரு" என்று சண்முகத்தாய் சொல்லிவிட்டார். டெர்மினஸ் பக்கம் கோல் தட்டும் சத்தம் கிளம்பியது. நான் பின்தங்கி நடந்தேன். அவர் நின்றால் நின்றேன், நடந்தால் நடந்தேன். உஸ்மான் சாலை முழுக்க ஒரு பிசகும் இல்லை. ஒரு ஆட்டோக்காரர் கையைப் பிடிக்க வந்தார், சண்முகத்தாய் அந்த வாசகத்தைச் சொன்னார், ஆட்டோக்காரர் ஒதுங்கினார். ரங்கநாதன் தெருவில் சரியாகத் திரும்பினார். எனக்கு உள்ளுக்குள் பாட்டே வந்தது.

திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்தது.

"யோவ், நில்லு. இன்னா நீ, அந்தம்மா பின்னாலயே போய்க்கினு கீற?"

கரும்புச்சாறு கடைக்காரர். திடகாத்திரமான ஆள்.

"அப்போலேர்ந்து பாத்துக்கினு கீறேன். அது நின்னா நிக்கிற, அது நடந்தா நடக்கிற. இன்னா மேட்டரு?"

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையைத் தூக்கினார். "கழுத்துல கீற தாலியப் பாத்துக்கினு வரான் அண்ணே. பாவம், அதுக்குக் கண்ணு வேற தெர்ல."

"விடுங்க, நான் அவங்களுக்கு நடக்கக் கத்துக் குடுக்கறவன்" என்றேன், மெதுவான குரலில்.

"நடக்கக் கத்துக் குடுக்கறவன் பின்னாடி ஒளிஞ்சிக்கினா வருவான்? முன்னாடி போய்க் கையப் புடிச்சுக் கூட்டிகினு போவ மாட்ட?"

ஊரில் எத்தனையோ கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு அன்றும் வரவில்லை, இன்றும் வராது. நான் திருதிருவென்று விழித்தேன். விழித்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. என் கண் முழுக்கச் சண்முகத்தாயின் பச்சைப் புடவையில் இருந்தது. தலைகளுக்கு நடுவே அது போய்க்கொண்டே இருந்தது.

"சர்தான், அந்தம்மாவயே கூப்ட்டுக் கேட்ருவோம்" என்றார் கடைக்காரர். நியாயமான ஆள். "யம்மா! தே, குச்சி வச்சினு போற யம்மா!"

"கூப்பிடாதீங்க!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். "தயவு செஞ்சு அவங்களைக் கூப்பிடாதீங்க!"

இதைவிட முட்டாள்தனமாக ஒரு திருடன்கூடக் கத்தியிருக்க மாட்டான். கன்னத்தில் ஒன்று விழுந்தது. யார் கை என்று தெரியவில்லை. கண்ணாடி எங்கோ பறந்தது. கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்தேன். பச்சைப் புடவை நின்றிருந்தது. முகம் பாதி திரும்பியிருந்தது. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அது சண்முகத்தாய்தானா என்றுகூட நிச்சயமில்லை. பிறகு அந்தப் பச்சையும் கூட்டத்தில் மறைந்தது.

பையிலிருந்த அடையாள அட்டையைத் தேடி எடுத்து, யாரோ அதைப் படித்து, இன்னொருவர் போனில் மையத்தின் பெயரைத் தேடிப் பார்த்து, என்னை விடுவதற்குள் என் உயிர் போய் வந்தது. அடிபட்டதுகூடப் பெரிதில்லை. பழகுகிறவரைப் பார்வையிலிருந்து தொலைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் அதற்குமேல் ஒரு தப்பு இல்லை. கடைக்காரர் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து, "மன்ச்சிக்கோ நைனா, எனக்கு இன்னா தெரியும்" என்று ஒரு கிளாஸ் சாற்றை நீட்டினார். குடிக்கவில்லை. ஓடினேன்.

சந்துக்குள் நுழைந்து கடையைப் பார்த்தேன். கல்லாவில் சண்முகத்தாய் உட்கார்ந்திருந்தார். கோலை மடித்து மடியில் வைத்திருந்தார். கணவர் பக்கத்தில் நின்று வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியத்தான் கடைப் பையனிடம், "ஏலே, ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு. அவ வேர்த்து உக்காந்திருக்காள்லா" என்றார். அவ்வளவுதான், முடிந்தது. கல்லா திரும்பி வந்துவிட்டது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு கிட்டே போனேன். சண்முகத்தாய் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார்.

"சார், அடி பலமா?"

"உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கூப்பிடாதீங்கன்னு கத்துனீங்கல்லா. கேட்டுச்சு. நின்னேன். திரும்பி வந்து 'அவரு எங்க சாருதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. நடந்துட்டேன். தப்பா சார்?"

சந்தோஷமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு சந்தோஷம் என் உத்தியோகத்தில் வந்ததில்லை. அதே நேரம் கன்னம் எரிந்தது, மனசும் கொஞ்சம் எரிந்தது. தெருவில் என்னைப் போட்டு அடிக்கிறார்கள், இவர் பாட்டுக்கு நடந்து வந்து கல்லாவில் உட்கார்ந்துவிட்டாரே. "தப்பில்லை" என்று சொன்னேன். அந்தக் குரலில் எவ்வளவு நிஜம் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும், காது கூர்மை.

சாயங்காலம் மேடத்தின் முன்னால் நின்றேன். வழக்கம்போலக் காலைப் பார்த்தார். ஒரு ஷூவில் கயிறு அறுந்து தொங்கியது.

"யார் நடந்தது?"

"சண்முகத்தாய்தான் நடந்தாங்க மேடம்." சொல்லிவிட்டு எனக்கே சந்தேகம் வந்தது. "என் சத்தம் கேட்டிருக்கு. நான் கத்தினதைக் கேட்டுத்தான் திரும்பி வராம போயிருக்காங்க. அப்ப அது உதவியா, இல்லையா? நான் கத்தலைன்னா அந்தக் கடைக்காரர் கூப்பிட்டதுக்குத் திரும்பியிருப்பாங்களா? எனக்குப் புரியலை. அவங்க என்னைக் காப்பாத்த வந்திருக்கணுமா, அதுவும் புரியலை."

மேடம் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். வீங்கியிருந்த கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்கும் தெரியலை" என்றார். "கேன்டீன்ல ஐஸ் இருக்கும், வாங்கி வைங்க." அவர் வாயிலிருந்து தெரியவில்லை என்ற சொல்லை அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஆறுதல் சொல்லியிருந்தால்கூட இத்தனை வருஷம் மனதில் நின்றிருக்காது.

அதன் பிறகு பெரியத்தானிடம் நான் கத்தியதைச் சொன்னேன். வார்த்தையை நம்புகிறேன் என்று சொன்னவரிடம் மறைக்க மனமில்லை. அவர் பெரிதாகச் சிரித்தார். "ஒங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னேன். அடி வாங்குத சத்தத்துக்கு நான் ஒண்ணும் சொல்லலையே சார்!" என்றார். வருஷாவருஷம் தீபாவளிக்கு அவர் கடையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் பழைய கதை. இப்போது ஷாஹிதாவின் தொல்லை வேறு. போன் பேசுகிறது, இடப்பக்கம் திரும்பு என்கிறது. திரும்பினால் அங்கே தெருவைக் காணோம். மெட்ரோவுக்காகத் தோண்டி, தகரம் அடித்து, பஸ் ஸ்டாப்பை மாற்றி, மாற்றியதை மறுபடி மாற்றி வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூரில் லஸ் பக்கம் கண் தெரிந்த நானே முந்தாநாள் தகரத்தடுப்புக்குள் போய் முட்டிக்கொண்டு திரும்பினேன். நாங்கள் பழக்கிய ஆடும் சாக்கடை மூடியும் இல்லை, காப்பித்தூள் கடையும் இல்லை. எதை நம்பி நடக்கச் சொல்வது என்று அவர் கேட்கிறார். எனக்கும் புரியவில்லை.

நேற்று குக்கருக்கு கேஸ்கட் வாங்க தி.நகர் போனேன். உஸ்மான் சாலையோரம் தகரத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தபோது, முன்னால் கோல் தட்டும் சத்தம். முதுகைப் பார்த்ததும் சண்முகத்தாய் என்று தெரிந்துவிட்டது. கொஞ்சம் சதை போட்டிருந்தார், கூந்தலில் நரை. நடை மாறவில்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் என் கால் தானாகவே வேகத்தைக் குறைத்துவிட்டது. அவர் நின்றபோது நானும் நின்றேன். கிழவனாகியும் புத்தி போகவில்லை.

அவர் நின்றதற்குக் காரணம் இருந்தது. ஒரு பக்கம் தகரம், முன்னால் புதிதாக வெட்டிய பள்ளம், குறுக்கே கயிறு. கோலால் இடமும் வலமும் தொட்டுப் பார்த்தார். வழி பள்ளத்தைச் சுற்றிப் பலகை மேல் போனது, அது அவருக்குத் தெரிய வழியில்லை. முகத்தைத் தூக்கி, "யாராவது நிக்கீங்களா? பாதைய அடைச்சிருக்கு போல. ஒரு கை குடுங்க" என்றார். கிட்டே இருந்தது நான்தான்.

ஓய்வு பெற்றவனுக்கு விதி உண்டா? குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். இத்தனை காலம் பின்னால் வந்தீர்களா என்று நினைப்பாரோ என்று ஒரு கூச்சம். பேசாமல் போய், என் புறங்கையால் அவர் புறங்கையை லேசாகத் தொட்டேன். அவர் கை என் கைமுட்டிக்கு மேலே ஏறிப் பிடித்துக்கொண்டது. பலகை மேல் அரையடி முன்னால் நடந்தேன். குறுகலான இடத்தில் என் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோனேன், அவர் சரியாக என் பின்னால் வந்துவிட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபக்கம் வந்ததும் நின்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்றார்.

நல்லவேளை, தெரியவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அவர் கோலைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். நாலடி போயிருப்பார். திரும்பாமலேயே சொன்னார்:

"இனி நான் போயிருவேன் சார். பின்னாடி வராதீங்க. மறுபடி யாராவது சட்டையப் புடிச்சிரப் போறாங்க."

முன்பின் தெரியாத எந்த வழிப்போக்கன் புறங்கையால் தொட்டுக் கை கொடுப்பான்? எனக்குத்தான் அது தோன்றவில்லை. அவர் போனார். நான் அங்கேயே நின்றேன்.